பெறப்பட்ட இடம்

பிற்பகல் மூன்று நாற்பதுக்குக் கதவின் அடி நனைந்திருந்தது.

விமலேஸ்வரி கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டுக் குனிந்து பார்த்தாள். ஒரு சாண் உயரத்துக்கு மரம் கறுத்திருந்தது. கதவை நிறுத்தியிருந்த பலகை மேடை காய்ந்து கிடந்தது. சுற்றியிருந்த சீமெந்து நிலமும் காய்ந்துதான் இருந்தது. வெளியே மார்கழி மழை காலையிலிருந்து விடாமல் பெய்துகொண்டிருந்தாலும் கூரை எங்கும் ஒழுகவில்லை. போன மாதந்தான் ஓடு முழுவதையும் பிரித்துத் திருப்பிப் போட்டிருந்தார்கள். ஈரம் மேலிருந்து இறங்கவில்லை. கீழிருந்து ஏறியிருந்தது.

இடுப்பில் செருகியிருந்த துணியை எடுத்துத் துடைத்தாள். துணியில் மணல் ஒட்டியது. வெள்ளை மணல். இந்தக் குளக்கட்டுக்குக் கீழே எங்கே தோண்டினாலும் செம்மண்ணும் களியுந்தான் வரும். துணியை முகர்ந்து பார்க்க அவள் நினைக்கவில்லை. கை தானாக மூக்குக்குப் போனது. ஈரச் சாக்கு. மண்ணெண்ணெய். மூடிய குழிக்குள் பல நாள் விட்ட மூச்சு.

கிணற்றடிக்குப் போய்த் துணியை மூன்று தண்ணீரில் அலசினாள். மழைக்குள் நின்று அலசினாள்.

அந்த வீடு ஒரு காலத்தில் நீர்ப்பாசன மேற்பார்வையாளரின் குவாட்டஸ். குளம் கட்டிய காலத்துச் சுண்ணாம்புச் சுவர்கள். சண்டையில் பாதிக் கூரை போய், மீதிப் பாதியின் கீழே வௌவால்கள் பத்து வருடம் குடியிருந்து, இப்போது ‘மரபு வீடு’ என்ற பெயர்ப்பலகையோடு நாளை மறுநாள் திறக்க இருந்தது. முன்னறையில் உலக்கை, நெல் அளந்த பறை, பெற்றோல்மக்ஸ் விளக்கு, ஒரு கைத் தையல் மெசின். பின்னறையில் கதவு மட்டும். கதவுக்குத் தனியறை கொடுத்தது சுதாஜினி. பல்கலைக்கழகத்தில் தொல்லியல் படித்துவிட்டு வந்து இந்த வீட்டைப் பொறுப்பேற்றவள். கதவின் ஒரு மூலையில் சின்னக் கத்தியால் பெயின்றைப் படிப்படியாகச் சுரண்டி, அடியிலுள்ள நிறங்களை வெளியே கொண்டுவந்திருந்தாள். நீலம், பச்சை, சிவப்பு, மறுபடி நீலம். ஆறு படை. ஒவ்வொன்றும் ஒரு வருடமாக இருக்கவேண்டும் என்றாள்.

“இது வள்ளத்துக்கு அடிக்கிற பெயின்ற் அன்ரி. பளை வீட்டுக் கதவில இது எப்பிடி?”

மாமா கடலுக்குப் போனவர் என்று விமலேஸ்வரி சொன்னாள். அவளுடைய மாமனார் வாழ்நாள் முழுவதும் வெங்காயம் நட்டவர். கடலில் கால் நனைத்ததில்லை.

சுதாஜினி அதைப் படிவத்தில் எழுதிக்கொண்டாள். பொருள்: வீட்டுக் கதவு. மரம்: பாலை. கொடுத்தவர்: யோ. விமலேஸ்வரி. பெறப்பட்ட இடம்: பளை. நாலு கட்டங்களில் மூன்று உண்மை.

புருசன் யோகலிங்கம் உயிரோடு இருக்கும்வரை அது அவர்களுடைய வீட்டின் முன்கதவாக இருந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் அவன் அதில் ஒருதரம் தட்டிக் காட்டுவான். “இது இல்லாட்டி இந்த ரெண்டும் இல்லை” என்பான். இந்த ரெண்டும் என்றால் பிள்ளைகள். கிருசாந்தன் இப்போது கட்டாரில். லக்சிகா வவுனியாவில் படிப்பிக்கிறாள். இரண்டாயிரத்து ஒன்பதில் பதினொரு நாள் அந்தக் கதவின் கீழே, பங்கர்க் குழிக்குள், அந்த இரண்டும் படுத்திருந்து தப்பின. மீளக் குடியேறினபோது யோகலிங்கம் திரும்பிப் போய், மண்ணுக்குள்ளிருந்து கதவைக் கிளப்பி, லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு வந்தான். கோயில் விக்கிரகத்தைக் கொண்டுவருவதுபோல அதைக் கட்டிக்கொண்டு வந்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமலே இரண்டு வருடத்துக்கு முன் சிறுநீரக வருத்தத்தில் செத்துப்போனான்.

அதற்குப் பிறகு வீட்டில் அவளும் கதவும். ஒரு மாதந்தான் தாங்கினாள். புதுக் கதவு போட்டுவிட்டு இதை இங்கே கொடுத்தாள். நாலு பேர் பார்க்கிற இடத்தில், லைற்றுக்குக் கீழே, பக்கத்தில் ஒரு குறிப்போடு நின்றால் அது வெறும் மரமாகிவிடும் என்று நினைத்தாள். ஆனால் கொடுத்த கையோடு சுதாஜினி வீட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலையையும் அவளுக்கே தந்தாள். உங்கட கதவுக்கு நீங்களே காவல் இருங்கோ அன்ரி என்று சிரித்தாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேவைப்பட்டது. அவளிடம் சொல்லக்கூடிய காரணம் இருக்கவில்லை.

போன கிழமை சுதாஜினி கதவின் படங்களை இணையத்தில் போட்டாள். இனி ஆரும் எங்கயிருந்தும் பாக்கலாம் என்று சந்தோசப்பட்டாள்.

இன்று பின்னேரம் ஒருவர் அதைப் பார்க்க வருகிறார்.

*

யூலிற்றா நாலரைக்கு வந்தார். முல்லைத்தீவுக் கரையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். அறுபதை நெருங்கிய பெண். கழுத்தில் செபமாலை. சொட்டுகிற குடையை வாசலில் வைத்துவிட்டுக் கருவாட்டுப் பொட்டலம் ஒன்றைச் சுதாஜினியின் கையில் கொடுத்தார்.

“இந்த மணத்துக்கு எங்கட வௌவால் எல்லாம் திரும்பி வரப்போகுது” என்றாள் சுதாஜினி.

“வரட்டும் பிள்ளை. அதுகளும் இஞ்ச இருந்ததுகள்தானே.”

பின்னறைக்குப் போனதும் அவர் கதவின் முன்பக்கத்தைப் பார்க்கவில்லை. சுற்றிக்கொண்டு பின்னால் போனார். முழங்காலில் இருந்தார். கண்ணை மூடிக்கொண்டு கதவின் கீழ்ப்பகுதியை விரல் நுனியால் தடவினார். பெயின்றின் ஆறு படைக்கும் மேலால் அந்த விரல்கள் மெல்ல மெல்ல ஊர்ந்தன. விமலேஸ்வரி வாசலில் நின்று அந்த விரல்களையே பார்த்தாள். எதுவும் அகப்படக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள்.

“இஞ்ச” என்றார் யூலிற்றா.

சுதாஜினி போன் வெளிச்சத்தைச் சரித்துப் பிடித்தாள். பெயின்றுக்கு அடியில் இரண்டு சின்னப் பள்ளங்கள். இரண்டு மீன்கள். தகப்பன் ஸ்ரனிஸ்லஸ் கம்பியைக் காய்ச்சிச் சுட்டது என்று யூலிற்றா சொன்னார். பெரியது யூலிற்றா. சின்னது தங்கை றெஜினா. ஒவ்வொரு வருடமும் கோவில் திருவிழாவுக்கு முதல் கிழமை, வள்ளத்துக்கு அடித்து மிஞ்சின பெயின்றைத் தகப்பன் கதவுக்கு அடிப்பார். மீன்கள் மறைந்துகொண்டே போகும். பெரிய மீனுக்கு வாய் கோணல் என்று றெஜினா நக்கலடிப்பாள். நக்கலடித்தவள் என்று சொல்லத் தொடங்கி, நக்கலடிக்கிறவள் என்று யூலிற்றா திருத்திக்கொண்டார்.

பிறகு கையைப் பார்த்தார். உள்ளங்கை நனைந்திருந்தது.

“கதவு ஈரமாக் கிடக்கே பிள்ளை.”

சுதாஜினி அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். நிலத்தைப் பார்த்தாள். ஈரம் இப்போது முழங்கால் உயரத்துக்கு ஏறியிருந்தது. காற்றில ஈரம் கூட, பாலை மரம் உறிஞ்சும் என்று தனக்கே சொல்வதுபோலச் சொன்னாள்.

மழை இரைந்த இரைச்சலில் யூலிற்றா மெதுவாகச் சொன்னதைக் கேட்க இருவரும் கிட்டப் போகவேண்டியிருந்தது. அந்த இரண்டாயிரத்து ஒன்பது தை மாதம் றெஜினாவும் புருசனும் புருசனின் ஆட்களோடு உழவு இயந்திரத்தில் வெளிக்கிட்டார்கள். எல்லாரும் செய்ததுபோலத் தகரத்தையும் கதவையும் கழற்றி ஏற்றிக்கொண்டார்கள். கைக்குழந்தை ஒன்று. யூலிற்றா தகப்பனோடு பின்தங்கினார். அதுதான் கடைசி. பிறகு முகாமில் ஒருத்தி றெஜினாவைக் கண்டதாகச் சொன்னாள். புருசன் இல்லை. குழந்தையோடு தனிய, தென்னைக்குள் ஒரு பங்கரில். இடம் எது என்று கேட்டால், எல்லா இடமும் தென்னையும் மணலும் அக்கா, அது என்ன ஊர் எண்டு ஆருக்குத் தெரியும் என்றாளாம்.

“எங்க போனாலும் கதவுக்குக் கீழ இரு, கதவை விட்டுப்போட்டு ஓடாதை எண்டு சொல்லி அனுப்பினது நான்” என்றார் யூலிற்றா. “அவள் என்ர சொல்லைக் கேக்கிறவள்.”

அவர் விமலேஸ்வரியின் பக்கம் திரும்பினார்.

“கதவு உங்களோடயே இருக்கட்டும் தங்கச்சி. நாலு சனம் பாக்கட்டும். எனக்கு அது வேண்டாம். எங்க எடுத்ததெண்டு இடத்தை மட்டும் சொல்லுங்கோ. ஒரு மெழுகுதிரி கொளுத்த ஒரு இடம் வேணும்.”

விமலேஸ்வரிக்கு இடம் தெரியும். உடையார்கட்டுக்கு அங்கால், தென்னங்காணி, கிணற்றுக்கு மேற்கே பத்து எட்டு வைத்தால் அந்த இடம். அவ்வளவுதான். ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். சொன்னால் அடுத்த கேள்வி வரும். அதற்கடுத்த கேள்வி லக்சிகாவிடமிருந்து வரும்.

“பளையில வாங்கினதெண்டுதான் அவர் சொன்னவர்” என்றாள். “அவரும் இப்ப இல்லை.”

சுதாஜினி நிமிர்ந்தாள். “மாமான்ர கதவு எண்டெல்லோ சொன்னனீங்கள் அன்ரி?”

“மாமாதான் வாங்கினவர்.”

சுதாஜினி பென்சிலை எடுத்துப் படிவத்தின் நாலாவது கட்டத்தின் பக்கத்தில் ஏதோ ஒரு சின்னக் குறி போட்டாள்.

தேத்தண்ணி குடிக்கும்போது யூலிற்றா இன்னொன்றும் சொன்னார். கேட்காமலே சொன்னார். வாய் மூடாத றெஜினாவுக்கு, புருசன் செல் விழுந்து செத்த நாளிலிருந்து பேச்சு வரவில்லையாம். முகாமில் கண்டவள் சொன்னது. ஆராவது கூப்பிட்டால் தட்டுவாளாம்.

“ரெண்டு தட்டு. ஓம், நிக்கிறன் எண்டு அதுக்கு அர்த்தமாம்.”

“சீனி காணுமோ?” என்று கேட்டாள் விமலேஸ்வரி.

போகும்போது யூலிற்றா திறப்புவிழா அழைப்பிதழ் ஒன்றின் பின்பக்கத்தில் தன்னுடைய நம்பரை எழுதி அவளுடைய கையில் வைத்து மூடினார். நினைவு வந்தால் ஒரு கோல் அடிக்கச் சொன்னார். எந்த நேரமென்றாலும் பரவாயில்லை என்றார். சுதாஜினி அவரை ஸ்கூட்டியில் பஸ்ஸுக்குக் கொண்டுபோனாள். லைற்றை நிற்பாட்டிப்போட்டுப் பூட்டுங்கோ அன்ரி என்று வாசலில் நின்று சொன்னாள். குரலில் சிரிப்பு இல்லை.

*

கோப்பைகளைக் கழுவினாள். முன்னறை யன்னல்களைச் சாத்தினாள். குடை வைத்த இடத்தில் தேங்கிய தண்ணீரைத் துடைத்தாள். வெளியே செக்கல். மழைக்குள் வெளிச்சம் கரைந்துகொண்டிருந்தது. வயல் எது, குளக்கட்டு எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. செய்யவேண்டிய வேலை எல்லாம் முடிந்தது. பின்னறை லைற் ஒன்றுதான் மிச்சம்.

சுவிச் அறைக்கு உள்ளே, கதவுக்கு அந்தப் பக்கத்தில் இருந்தது.

அவள் உள்ளே காலை வைக்கவும் கரண்ட் போனது.

நின்றாள். மழையின் இரைச்சல் ஓட்டில். வௌவால் எச்சத்தின் பழைய மணம், புதுச் சுண்ணாம்பு மணம். அவற்றுக்கு அடியில் இன்னொன்று. ஈரச் சாக்கு. மண்ணெண்ணெய். இருட்டில் கதவு மட்டும் இன்னும் கொஞ்சம் இருட்டாகத் தெரிந்தது. கேட்டுக்கொண்டு நின்றாள். மழைக்குள் வேறொரு சத்தம். மிகச் சன்னமானது. அரிசி புடைக்கும்போது சுளகிலிருந்து வழிகிற சத்தம்போல. நிற்காத சத்தம்.

மணல் கொட்டுகிற சத்தம்.

அன்றும் செக்கல் நேரம். யோகலிங்கம் குழியை வெட்டி முடித்திருந்தான். மேலே போட ஒன்றும் இல்லை. பிள்ளைகள் இரண்டும் தென்னை மூட்டில் குப்புறக் கிடந்தன. கிணற்றுக்கு மேற்கே ஒரு பங்கர். மேலே கதவு, கதவுக்கு மேல் மண்மூட்டைகள். அடுப்பு இல்லை. கொடியில் உடுப்பு இல்லை. விட்டுப்போன பங்கர்தான் என்றான் அவன். விட்டுப்போன பங்கரின் மரத்தைப் பின்னால் வருகிறவர்கள் எடுக்கலாம். அவர்களும் விட்டுப்போவார்கள், அவர்களுக்குப் பின்னால் வருகிறவர்கள் எடுப்பார்கள். ஆனால் எடுப்பதற்கு முதல் தட்டிக் கேட்கவேண்டும். மூன்று தரம். ஒருவரும் எழுதிவைக்கவில்லை. ஆனாலும் எல்லாரும் கேட்டார்கள்.

அவன் மூட்டைகளை உருட்டினான். அவள் முழங்காலில் இருந்து தட்டினாள்.

“ஆரும் இருக்கிறியளோ?”

ஒன்றுமில்லை.

“ஆரும் இருக்கிறியளோ?”

ஒன்றுமில்லை.

மூன்றாம் தரம் கேட்டுவிட்டு உள்ளங்கையை மரத்தில் வைத்தாள். கீழேயிருந்து இரண்டு தட்டு. காதுக்குக் கேட்டதைவிடக் கைக்குத் தெரிந்தது. சின்னத் தட்டு.

என்னவாம் என்று யோகலிங்கம் கேட்டான்.

அவள் பிள்ளைகளைப் பார்த்தாள். வடக்கே ஒரு செல் விழுந்து வெடித்தது. லக்சிகா காதைப் பொத்திக்கொண்டாள்.

“ஒருத்தரும் இல்லை” என்றாள். “தூக்குங்கோ.”

அவன் தூக்கினான். கதவு வந்தது. வந்த கையோடு நாலு பக்க மணலும் வழுக்கி இறங்கியது. ஒரு நொடி. குழி இருந்த இடத்தில் குழி இல்லை. அவன் கதவின் தலைப்பக்கத்தைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னே நடந்துவிட்டான். திரும்பிப் பார்க்கவில்லை. அவள் பார்த்தாள்.

மணல் ஒரு இடத்தில் மெல்ல எழுந்தது. தாழ்ந்தது.

ஒருதரம்.

கையால் தோண்டியிருக்கலாம். ஆழம் அவ்வளவு இல்லை. அவள் கதவின் கால்பக்கத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு புருசனின் பின்னால் நடந்தாள். பதினொரு நாள் அந்த மரம் அவளுடைய முகத்துக்கு மேலே ஒரு முழத்தில் இருந்தது.

கொட்டுகிற சத்தம் இன்னும் நிற்கவில்லை.

போனை எடுத்தாள். வெளிச்சத்தில் அழைப்பிதழின் பின்பக்கம். நம்பர். சொல்லிவிடுவோம் என்று நினைத்தாள். சொன்னால் இது நிற்கும். சொல்லவேண்டியதை வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். உடையார்கட்டுக்கு அங்கால. தென்னங்காணி. கிணத்துக்கு மேற்க, பத்து எட்டு. மற்றதை அவர்கள் கேட்கட்டும். லக்சிகா கேட்கட்டும். நம்பரை அழுத்தினாள். இரண்டு தரம் எண் பிழைத்தது. மூன்றாம் தரம் மணி போனது.

வெளிச்சம் நிலத்தில் விழுந்தது.

மேடை தெரியவில்லை. மேடை இருந்த இடத்தில் மணல். வெள்ளையாக. கதவின் அடியிலிருந்து வழிந்து, சீமெந்தில் பரவி, அவளுடைய கால்விரல் வரைக்கும் வந்திருந்தது. ஈரம் கதவின் பாதியைத் தாண்டியிருந்தது.

மணி போய்க்கொண்டிருந்தது.

அவள் பின்வாங்கவில்லை. கால் வரவில்லை. விரல்கள் மணலுக்குள். குளிர்.

கதவுக்கு முன்னால் மணல் மெல்ல எழுந்தது.

தாழ்ந்தது.

மறுபடி எழுந்தது. அதன் பக்கத்தில், அதைவிடச் சின்னதாக, இன்னொன்று.

“ஹலோ?” பஸ்ஸின் இரைச்சலுக்குள் யூலிற்றாவின் குரல். “ஆர் கதைக்கிறது?”

விமலேஸ்வரி வாயைத் திறந்தாள். உடையார்கட்டு என்பதன் முதல் எழுத்துக்கு உதடு குவிந்தது. நாக்கில் மணல். பல்லுக்கிடையில் மணல். விழுங்கினாள். இன்னும் மணல். சத்தம் வரவில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மூச்சை மட்டும் அதற்குள் விட்டாள்.

“ஹலோ? கேக்கேல்லை. ஆரது?”

கதவின் அந்தப் பக்கத்தில், கீழே, மீன்கள் இருக்கிற உயரத்தில், ஒரு தட்டு.

இன்னொரு தட்டு.

போனில் பஸ் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ இருமினார்கள். பிறகு யூலிற்றாவின் குரல் வந்தது. மிகக் கிட்ட, மிக மெதுவாக, நித்திரையிலிருக்கிற குழந்தையை எழுப்பிவிடப் பயந்ததுபோல.

“றெஜினா? எங்கயடி நிக்கிறாய்?”